தளத்தை நிறுத்தாமல் புது வேர்ஷன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

‘நள்ளிரவில் தளத்தை நிறுத்தி புது வேர்ஷனை ஏற்றினால் யாருக்கும் தெரியாது’ என்று நம்மூர் மென்பொருள் இளைஞர்கள் நம்புகிறார்கள். மருதமுனைக் கைத்தறிச் சாறனை இணையத்தில் விற்பவருக்கு இது சரிவராது. ரமழானில் தராவீஹ் முடிந்த பிறகுதான் கல்முனைப் பக்கம் வியாபாரமே சூடுபிடிக்கும். இங்கே நள்ளிரவு 12 என்றால் றியாத்திலும் தோஹாவிலும் இரவு 9.30. வேலை முடித்து வந்த பிள்ளை வீட்டுக்குப் பெருநாள் உடுப்பு வாங்க அப்போதுதான் ஃபோனை எடுக்கும்.

தளத்தை நிறுத்தாமல் வேர்ஷன் மாற்றக் குபர்னெட்டிஸ் வேண்டும், பெரிய கம்பனிக்குத்தான் கட்டுப்படியாகும் என்பதும் பிழை. வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே இருக்கும் செயலிக்குக் கொடுக்கும் ரிவர்ஸ் புரொக்சி ஒன்று, ஒரே சேர்வரில் போதும். ஈகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அப்படியொன்று; இலவசமாகவே கிடைக்கிறது. பழைய வேர்ஷனின் டொக்கர் கொண்டெய்னர் ஓடும்போதே புதியதை வேறு போர்ட்டில் எழுப்பி, என்ஜின்எக்ஸில் முகவரியை மாற்றி ரீலோட் செய்யலாம். புதுக் கோரிக்கைகளை என்ஜின்எக்ஸின் புதிய வேர்க்கர்கள் எடுக்கும். பழையவை கையிலுள்ளதை முடித்துவிட்டு விலகும்.

புரொக்சியை வைத்தாலே போதுமா? போதாது. டொக்கர் கொம்போஸில் அதே கொண்டெய்னரைப் புதுப்பித்தால், பழையது நின்ற பிறகே புதியது தொடங்கும். அந்த இடைவெளியில் வாடிக்கையாளர் காண்பது 502 பிழை. கொண்டெய்னர் ஓடுவதாகக் காட்டினாலும், செயலி தரவுத்தளத்தோடு பேசிப் பதில் தருகிறதா என்று பார்த்த பின்பே பாதையைத் திருப்புங்கள்.

பழையதை நிறுத்தும் விதத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. டொக்கர் ஸ்டொப் முதலில் சிக்டேர்ம் சமிக்ஞையை அனுப்பி, வழக்கமாக 10 விநாடி காத்திருந்து, அதற்குள் முடியாவிட்டால் வலிந்து நிறுத்திவிடும். காசு கட்டிக்கொண்டிருப்பவரின் ஓடர் அந்த இடத்தில்தான் அறுந்துபோகும். சமிக்ஞை கிடைத்ததும் இருக்கும் வேலையை முடித்துவிட்டு விலக உங்கள் செயலிக்குத் தெரிந்திருக்க வேண்டும். செயலியை ஷெல் ஒன்றின் கீழ் ஓடவிட்டால் சமிக்ஞை அதை எட்டாமலே போகலாம்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது, தரவுத்தளத்தைப் புரொக்சி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. மாறும் அந்தச் சில நிமிடங்களில் இரண்டு வேர்ஷன்களும் ஒரே அட்டவணையில் எழுதும். ஒரு நிரலின் பெயரை மாற்றினீர்களோ, பழையது உடனே உடையும். பின்வாங்கும் வழியும் அடைபடும். முதல் வெளியீட்டில் புதிய நிரலைக் கட்டாயமில்லாததாகச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள். பழைய தரவை நகலெடுத்து, புதியதிலிருந்து வாசிப்பது அடுத்த வெளியீட்டில். பழைய நிரலை நீக்குவது, முந்திய வேர்ஷனுக்குத் திரும்பத் தேவையில்லை என்று உறுதியான பிறகு மட்டும்.