லேசான பிளாஸ்டிக் வைஸ் விவசாயிக்கு உதவுமா?

மருந்து தெளிக்கக் கிளம்பும் வேளையில் நாசில் அடைத்துக்கொள்ளும். அறுப்பு நெருங்கும்போதுதான் அரிவாள் மழுங்கியிருப்பது தெரியவரும். இதற்காக டவுனுக்குப் போய் வந்தால் அரை நாள் வீணாகிவிடும். ஆகவே விவசாயி வீட்டில் ஒரு வைஸ் இருப்பது நல்லது. பொருளைத் தாடைகளுக்கு நடுவே இறுக்கிவிட்டால், இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும்.

அண்மைக் காலத்தில் பிளாஸ்டிக்கால் ஆன லேசான வைஸ்கள் கிராமத்து வீடுகளுக்கும் வந்துவிட்டன. தி.நகருக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கி வருகிறார்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் குடியிருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இதை வைத்துக்கொள்வதா, யாரிடமாவது கொடுத்துவிடுவதா என்பதை வேலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கே நிற்கும்?

இவற்றில் பலவற்றுக்கு அடியில் ரப்பர் தட்டு உண்டு. நெம்பைத் திருப்பினால் அது காற்றை வெளியேற்றி மேசையைக் கவ்விக்கொள்ளும். நகரத்து வீட்டின் வழவழப்பான கிரானைட் மேடையிலும் கண்ணாடியிலும் நன்றாக நிற்கும். திண்ணையின் சிமெண்டுத் தரையிலும் சொரசொரப்பான மரப்பலகையிலும் நிற்காது. காற்று உள்ளே புகுந்துவிடும். கிராமத்தில் இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் ஒரு பளிங்கு ஓட்டைப் பலகையில் பதித்து, அதன் மேல் வைக்கலாம். பலகை நகராமல் இருக்க வேண்டியது முக்கியம்.

எடை ஏன் தேவை?

வைஸின் கைப்பிடி 10 செ.மீ. நீளமும், திருகு ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. நகர்வதுமாக இருந்தால், கை சுமார் 63 செ.மீ. சுற்றும்போது தாடை 3 மி.மீ. மட்டுமே நகரும். அதாவது கணக்குப்படி சுமார் 200 மடங்கு விசை. உராய்வு இதில் பெரும்பகுதியை விழுங்கினாலும், தாடையில் விழும் விசை கையின் விசையைப்போலப் பல மடங்காகவே இருக்கும். இதைத் தாங்கவே வைஸை வார்ப்பிரும்பில் செய்கிறார்கள்.

சாதாரணப் பிளாஸ்டிக்கின் எடை அதே அளவுள்ள வார்ப்பிரும்பின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். ஆனால் வார்ப்பிரும்பைவிடச் சுமார் 40 மடங்கு எளிதாக வளையும். நெடுநேரம் இறுக்கி வைத்தால் மெல்லத் தளரும். வெயிலில் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடையும்.

இதனால் பிளாஸ்டிக் மட்டமானது என்று பொருள் அல்ல. 1958-ல் தொழிற்பேட்டை தொடங்கிய கிண்டியிலேதான் 1968-ல் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான சிப்பெட்டும் தொடங்கியது. இரும்பு வேலை செய்யும் ஊரிலேயே பிளாஸ்டிக்குக்கும் படிப்பு வந்தது. எதை எங்கே பயன்படுத்துவது என்பதே கேள்வி.

மூன்று சோதனைகள்

முதல் சோதனை: தட்டையான இரும்புப் பட்டை ஒன்றைத் தாடைகளுக்கு நடுவே வைத்து, பக்கத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு காகிதத் துண்டுகளையும் சேர்த்து இறுக்குங்கள். பிறகு துண்டுகளை இழுத்துப் பாருங்கள். மேல் துண்டு மட்டும் சுலபமாக வந்துவிட்டால், தாடை மேல்புறம் விரிகிறது என்று பொருள்.

இரண்டாவது சோதனை: பட்டையை அரத்தால் பத்து முறை மெதுவாக ராவுங்கள். பட்டை நழுவினாலும் அடிப்பகுதி நகர்ந்தாலும், அந்த வைஸ் அரத்துக்கு ஏற்றதல்ல.

மூன்றாவது சோதனை: இறுக்கியபடியே ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் பட்டை ஆடினால், பிளாஸ்டிக் விசைக்குத் தளர்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

செய்யக்கூடிய வேலைகள்

சோதனைகளில் தோற்ற வைஸும் சிறு வேலைகளுக்கு உதவும். தெளிப்பானின் பித்தளை நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், வாஷர் மாற்றலாம். பிளாஸ்டிக் தாடை பித்தளையைக் கீறாது, துருவும் பிடிக்காது. சொட்டுநீர்க் குழாயின் சிறு துண்டுகளைப் பிடித்து அறுக்கலாம்.

செய்யக்கூடாத வேலைகள்

கருக்கரிவாளுக்குப் பல் வெட்டுவது, மண்வெட்டியை ராவுவது, சுத்தியலால் தட்டுவது, துருப்பிடித்த நட்டை நெம்புவது ஆகியவற்றை இதில் செய்யவே கூடாது. கூர்மையான அரிவாள் பிடியிலிருந்து நழுவினால் விரல் போய்விடும். அறுப்பு சமயத்தில் கையில் கட்டோடு உட்கார்ந்தால் வரும் நஷ்டம், ஒரு நல்ல வைஸின் விலையைவிட அதிகம். பி.வி.சி. குழாய் ஒட்டும் பசை, பெட்ரோல் ஆகியவை சில பிளாஸ்டிக்குகளை உருக்கிக் கெடுத்துவிடும். அவற்றை அருகில் கொண்டுவர வேண்டாம்.

முடிவு

தெளிப்பான் வேலை அடிக்கடி வருகிறவர்கள் இதை வைத்துக்கொள்ளலாம். நிழலில் வைத்து, சிறு வேலைக்கு மட்டும் எடுங்கள். கருவிகளை வீட்டிலேயே ராவித் தீட்டுகிறவர்களுக்கு 3 அல்லது 4 அங்குலத் தாடையுள்ள வார்ப்பிரும்பு வைஸ் அவசியம். புதிது வாங்க வசதி இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடையில் பார்க்கலாம். உடலில் வெடிப்போ ஒட்டுப்போட்ட தடமோ இருந்தால் வாங்க வேண்டாம். திருகைக் கடைசிவரை சுற்றி, மரை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாடைகளை மூடி வெளிச்சத்தில் பிடித்தால், இடைவெளி சீராக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வாங்கி வந்ததும் கனமான பலகையில் போல்ட்டு போட்டு முடுக்கிவிடுங்கள்.

இரண்டும் வேண்டாம் என்பவர்கள், உள்ளூர்த் தச்சரிடம் சொல்லி இரண்டு கட்டைகளை நீண்ட போல்ட்டால் இணைத்து வைத்துக்கொள்ளலாம். அரிவாள் கைப்பிடியைப் பிடிக்க அதுவே போதும்.