நாலு நிமிஷம் எங்கே போச்சு?

இது எல்லோருக்கும் நடந்திருக்கும். படம் ஒரு இடத்தில், சப்டைட்டில் இன்னொரு இடத்தில் டவுன்லோட் பண்ணி ஓட்டுவோம். முதல் சீனில் பக்காவாக இருக்கும். அரை மணி நேரத்தில் வசனம் முடிந்த பிறகுதான் எழுத்து வரும். கிளைமாக்ஸில், ஜோக் முடிந்து அடுத்த சீனே வந்த பிறகு அந்த ஜோக்கின் சப்டைட்டில் வந்து நிற்கும். வி.எல்.சி.யில் ஜி, ஹெச் பட்டன்களைத் தட்டித் தட்டிச் சரி பண்ணுவோம். அஞ்சு நிமிஷத்தில் மறுபடி 12 வினாடி விலகி நிற்கும்.

ஏன்னா அது தாமதம் இல்லை, விகிதம். தாமதத்தைக் கூட்டிக் கழித்துச் சரி பண்ணலாம், விகிதத்தைப் பெருக்கித்தான் சரி பண்ண முடியும். இந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள ஒரு பிரெஞ்சு டைம் டிராவல் காமெடிப் படத்தை எடுத்துக்குவோம். நேரத்தைத் தொலைப்பதே அதன் கதை என்பதால் உதாரணத்துக்கு வசதி.

1993 ஜனவரியில் பிரான்ஸில் வந்த 'லே விஸித்தர்'. 'வந்தவர்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். இயக்கம் ழான்-மரி புவாரே. 12ஆம் நூற்றாண்டின் பிரபு கொத்ஃப்ருவாவும் (ழான் ரெனோ, 'லியோன்' படத்தில் பார்த்திருப்பீங்க) அவருடைய அழுக்கு வேலைக்காரன் ழாக்கூயும் (கிறிஸ்தியான் கிளாவியே) ஒரு மந்திரவாதி கொடுத்த கஷாயத்தைக் குடிக்கிறார்கள். கொஞ்ச நேரம் பின்னோக்கிப் போய் ஒரு தப்பைச் சரி பண்ணுவதுதான் திட்டம். மந்திரவாதி காடை முட்டை சேர்க்க மறந்துவிட, இருவரும் 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் போய் விழுகிறார்கள். ரோட்டில் வரும் தபால் வண்டியைப் பேய் என்று நினைத்து அடித்து நொறுக்குகிறார்கள். அந்த வருஷம் 'ஜுராசிக் பார்க்' ஓடிய அதே பிரான்ஸில் வசூலில் முதலிடம் இந்தப் படத்துக்குத்தான். டிக்கெட் எண்ணிக்கை ஒரு கோடியே 30 லட்சத்தைத் தாண்டியது.

படத்தின் நீளம் 107 நிமிடம். வீட்டுக்கு வரும்போது அது சுருங்கிவிடும்.

பேசும் படம் வந்த காலத்திலிருந்து சினிமா ஃபிலிம் வினாடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பிய டி.வி.யோ அங்குள்ள கரண்டின் 50 ஹெர்ட்ஸை ஒட்டி வடிவமைக்கப்பட்டது. ஆரம்பகால டி.வி.க்களில் படம் மின்சாரத்தின் தாளத்தோடு ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். அதனால் வினாடிக்கு 50 அரை ஃபிரேம், அதாவது 25 முழு ஃபிரேம். இப்போ 24ஐ 25க்குள் எப்படி அடைப்பது? ஐரோப்பியர்கள் ரொம்ப யோசிக்கவில்லை. வேகமாக ஓட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். 107ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 102 நிமிடம் 43 வினாடி. 4 நிமிடம் 17 வினாடி காணோம். ஒரு ஃபிரேம்கூட வெட்டப்படவில்லை என்பதுதான் இதில் அழகு. கேசட்டிலும் அப்படித்தான், பிறகு வந்த ஐரோப்பிய டி.வி.டி.யிலும் அப்படித்தான்.

கண்ணுக்கு இது தெரியாது. காதுக்குத் தெரியும். ஒலியும் அதே வேகத்தில் ஓடுவதால் எல்லா அதிர்வெண்ணும் 25/24 மடங்கு ஏறும். 100 ஹெர்ட்ஸ் 104 ஆகும். இசை பாஷையில் சொன்னால் 0.7 செமிடோன், அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாகத் தூக்கின மாதிரி. ரெனோவின் அடிவயிற்றுக் குரலில் அந்தக் கனம் கொஞ்சம் குறைந்துவிடும். கிளாவியே இதில் ரெட்டை வேடம்: காட்டுக் கத்தல் கத்தும் ழாக்கூய், அவன் வம்சத்தில் வந்து இப்போ கோட்டையை ஹோட்டலாக நடத்தும் நாசூக்குப் பேர்வழி ழாக்கார். ஒரே ஆளை இரண்டு ஆளாக்குவதில் பாதி வேலையைக் குரல்தான் செய்கிறது. ழாக்கார் ஏற்கெனவே கீச்சுக் குரல், இன்னும் கொஞ்சம் கீச்சாகிறான். சில வெளியீடுகளில் டிஜிட்டலாகச் சுருதியை இறக்கிவிடுவார்கள். ஆனாலும் நீளம் திரும்பி வராது. காமெடியில் ஒரு வசனத்துக்கும் அதற்கான முகபாவனைக்கும் நடுவே விடும் இடைவெளிதான் உயிர், அது 4 சதவீதம் சுருங்கினால் சுருங்கினதுதான்.

அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். 24ஐ 30க்கு வேகப்படுத்தினால் எல்லோரும் கார்ட்டூன் மாதிரி பேசுவார்கள். அதனால் ஒரு ஃபிரேமை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டி 60 அரை ஃபிரேம் ஆக்கினார்கள். நீளம் தப்பியது, ஆனால் கேமரா மெதுவாகத் திரும்பும் ஷாட்டில் படம் லேசாக நொண்டும். என்னைக் கேட்டால், நொண்டலைவிட வேகமே தேவலை. கலர் டி.வி. வந்தபோது ஒலியும் நிறமும் மோதாமல் இருக்க 60ஐ 59.94 ஆக்கியதால், 24ம் 23.976 ஆனது. இந்த எண்ணை மனசில் வையுங்க, கடைசியில் வேணும். இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் வேறு கண்டமும் இருந்தது. பழைய பிரெஞ்சும் இன்றைய பிரெஞ்சும் மோதுவதுதான் பாதிச் சிரிப்பு, அதை இங்கிலீஷில் எப்படிக் கொண்டுவருவது? மெல் புரூக்ஸை வைத்து டப்பிங் முயற்சி நடந்தது. கடைசியில் 1996இல் சப்டைட்டிலோடுதான் வெளியானது. 2001இல் அதே இரண்டு நடிகர்களை வைத்து இங்கிலீஷிலேயே எடுத்தும் பார்த்தார்கள், எடுபடவில்லை.

பிரான்ஸுக்குள்ளேயே ஒரு வேடிக்கை. மற்ற பல நாடுகள் 'பால்' முறையில் (குடிக்கிற பால் இல்லை) கலர் அனுப்பியபோது பிரான்ஸ் 1967இல் 'செகாம்' என்று சொந்த முறையைத் தொடங்கியது. இரண்டிலும் 625 கோடு, 25 ஃபிரேம். நிறத்தைச் சேர்க்கும் விதம் மட்டும் வேறு. பிரெஞ்சு கேசட்டை 'பால்' மட்டும் தெரிந்த செட்டில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரும். 1982இல் ஜப்பான் வி.சி.ஆர்.கள் குவிவதைத் தடுக்க, இறக்குமதியாகும் ஒவ்வொரு பெட்டியும் புவாத்தியே என்ற உள்ளூர் ஊரின் சின்னச் சுங்க அலுவலகம் வழியாகத்தான் வரணும் என்று பிரெஞ்சு அரசு உத்தரவு போட்டது. 732இல் படையெடுப்பைத் தடுத்த சண்டையால் பேர் வாங்கிய அதே புவாத்தியே. கொத்ஃப்ருவா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

டி.வி.டி. வந்ததும் செகாம் தலைவலி போனது. தட்டில் ஒளிர்வும் நிறமும் தனித்தனி எண்களாக இருக்கும், எந்த முறையில் வெளியே அனுப்புவது என்பது பிளேயரின் வேலை. 'பால் டி.வி.டி.' என்று அட்டையில் போட்டிருப்பது 576 கோடு, 25 ஃபிரேம் என்பதற்கு ஒரு சுருக்கெழுத்து மட்டும்தான். பதிலுக்கு ரீஜன் கோடு என்ற பூட்டு வந்தது: பிரான்ஸ் 2, நாம் 5. ப்ளூ-ரேயில்தான் 24 ஃபிரேம் நேரடியாக உள்ளே போனது, தொலைந்த 4 நிமிடமும் திரும்பி வந்தது.

இப்போ உங்க ஃபைலுக்கு வருவோம். ப்ளூ-ரேயைப் பார்த்துச் செய்த சப்டைட்டிலை டி.வி.டி.யிலிருந்து எடுத்த வீடியோவில் போட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சுமார் 2.4 வினாடி பிந்தும். 0.96ஆல் பெருக்கணும். ஃபைல் 23.976க்குச் செய்ததாக இருந்தால் 0.95904. அந்தச் சின்ன வித்தியாசத்தை விட்டால் படக் கடைசியில் ஆறு வினாடி இடிக்கும். எதற்குச் செய்தது என்றே தெரியலைன்னா, பள்ளியில் படித்த y = mx + c போதும். முதல் வசனம் ஃபைலில் 2:00, படத்தில் 2:05 என்று வைத்துக்குங்க. கடைசி வசனம் ஃபைலில் 1:42:00, படத்தில் 1:38:05. ஃபைலில் 100 நிமிட இடைவெளி, படத்தில் 96. ஆக m = 0.96. c என்பது 125 − 0.96 × 120 = 9.8 வினாடி, யாரோ முன்னாடி பத்து வினாடி லோகோ ஒட்டியிருக்கிறார்கள். 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் இரண்டு வசனத்தை மட்டும் காட்டினால் இந்தக் கணக்கை அதுவே போட்டுவிடும். நடுவில் ஒரு வசனத்தையும் சரிபாருங்க. முதலும் கடைசியும் பொருந்தி நடு மட்டும் பொருந்தலைன்னா, எங்கேயோ ஒரு சீன் வெட்டுப்பட்டிருக்கு. அதுக்கு நேர்கோடு உதவாது, வேற ஃபைல்தான் தேடணும்.