கமக்காரருக்கேற்ற வில்லுக்கத்தி: தேர்தலும் பேணலும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெருவில், நீர்வேலிக்கும் அச்சுவேலிக்கும் இடைப்பட்ட புத்தூர்ப் பகுதியில், வெங்காயம், புகையிலை, மிளகாய், வாழை ஆகியன செம்மண் தோட்டங்களிற் கிணற்று நீரைக் கொண்டு பயிரிடப்படுகின்றன. கயிறு அறுத்தல், உரப்பையின் வாயைத் திறத்தல், வாழைச் சருகு நீக்கல், மாங்கன்றில் ஒட்டுக்கட்டல் எனச் சிறு கத்திக்கு இத்தோட்டங்களில் நாள்தோறும் வேலையுண்டு. மடித்துச் சட்டைப்பையில் வைக்கத்தக்க வில்லுக்கத்தி இவ்வேலைகளுக்கு ஏற்றது. ஆயினும், பளபளப்பை மட்டும் நோக்கி வாங்கிய கத்தி ஒட்டையுங் கெடுக்கும், கையையும் வெட்டும். வெட்டுமுகம் வழவழப்பாய் அமைகின்றதா, வேலையின்போது அலகு மடியாது நிற்கின்றதா என்னும் இரண்டையுங் கொண்டே கத்தியின் தகுதியைத் துணிதல் வேண்டும்.

அலகின் உருக்கு

காபன் உருக்காலான அலகு எளிதிற் கூராகும். ஆனால் ஈரத்தில் விரைவாகத் துருவேறும். வாழைக் கயர் பட்டு அது கருநிறமடைவது துருவன்று. அதனால் அலகுக்குத் தீங்கில்லை. செந்நிறமாய் எழும் துருவே அலகை அரிப்பது. துருப்பிடியா உருக்கிற் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். கடற்காற்று வீசும் குடாநாட்டில், வியர்வை படிந்த சட்டைப்பையிற் கிடக்கும் கத்திக்கு இதுவே வசதியானது. எனினும் மட்டமான துருப்பிடியா உருக்கு விரைவில் மழுங்கும்.

கூரின் அமைப்பு

பொது வேலைக்குரிய அலகு இரு பக்கமும் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 20 பாகைச் சரிவு போதியது. ஒட்டுக்கத்தியோ பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் சரிவாகவும், மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும். இதற்குக் காரணமுண்டு. ஒட்டுக்கட்டையின் மாறிழையமும் ஒட்டுமுளையின் மாறிழையமும் நெருங்கித் தொட்டாலன்றி ஒட்டுப் பொருந்தாது. வெட்டுமுகம் வளைந்தோ நசுங்கியோ இருப்பின் இடைவெளி உண்டாகி, முளை உலர்ந்து இறக்கும். கறுத்தக்கொழும்பான் போன்ற நல்லின மாவில் ஓர் ஒட்டுத் தவறினால், அதற்கெனக் கன்று வளர்த்த காலமெல்லாம் வீணாகும். ஆகவே ஒட்டுக்கத்தியாற் கயிறோ பையோ அறுத்தல் ஆகாது. அதற்கு வேறொரு கத்தி வேண்டும். ஒருபக்கச் சரிவுள்ள கத்திகள் பெரும்பாலும் வலக்கைக்காரருக்கென ஆக்கப்படுவன. இடக்கைக்காரர் தமக்குரியதைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

வில்லும் பூட்டும்

பழைய முறைக் கத்திகளில் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவது முதுகுப்புற வில் ஒன்றே. நுனியாற் குத்தும்போதோ அலகின் முதுகு அழுத்தப்படும்போதோ அது மடிந்து விரல்களின்மேல் விழக்கூடும். பூட்டுள்ள கத்தி இவ்விடரைப் பெரிதுங் குறைக்கும். பிரான்சின் சவோய்ப் பகுதியில் 1890 ஆம் ஆண்டில் தோன்றிய ஒப்பினெல் கத்தியில், அலகின் அடியிற் சுழலும் பூட்டு வளையம் 1955 ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டது. வேறு சிலவற்றிற் பிடியினுள் உள்ள தகடு அலகின் அடியைத் தாங்கி நிற்கும். எப்பூட்டாயினும் கத்தியை நெம்புகோலாகப் பயன்படுத்தலாகாது. தடித்த கிளைக்குக் காட்டுக்கத்தியும், ஓலை வார்வதற்குச் சத்தகமும் இருக்கின்றன. அவற்றின் வேலையை வில்லுக்கத்திக்குக் கொடுத்தல் தவறு.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைகள்

1. கத்தியை மடித்துப் பார்க்கும்போது அலகு பிடியின் நடுவே, பக்கங்களில் உராயாது அமைதல் வேண்டும்.

2. திறந்த அலகைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்தால் ஆட்டங் காணலாகாது.

3. விரல்களை அலகின் பாதையினின்று விலக்கிக்கொண்டு, அலகின் முதுகைப் பலகையொன்றில் மெல்ல அழுத்துக. பூட்டு நெகிழுமாயின் அக்கத்தியை விடுக.

4. அலகு இரண்டரை அல்லது மூன்று அங்குல நீளம் இருப்பின் போதும். பிடி ஈரக்கையிலும் வழுக்காதிருத்தல் வேண்டும்.

5. வாங்கிய பின், பச்சை மாங்கொப்பு ஒன்றைச் சாய்வாக ஒரே இழுப்பில் வெட்டுக. வெட்டுமுகம் நார் எழாமலும் பட்டை கிழியாமலும் இருப்பின் கூர் நன்று. அன்றேல் தீட்டியபின் ஒட்டுக்கட்டுக.

நோய் பரவாமற் காத்தல்

புகையிலைச் சித்திரவடிவ வைரசு நோய், நோயுற்ற செடியின் சாறு பட்ட கையாலும் கத்தியாலும் மிளகாய், தக்காளிச் செடிகளுக்கும் பரவும். உலர்ந்த புகையிலையிலும் இவ்வைரசு நெடுங்காலம் அழியாதிருக்கும். ஆதலால் சுருட்டுப் பிடித்தவரும் புகையிலை மென்றவரும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே நாற்றைத் தொடுதல் வேண்டும். கத்தியையும் கழுவி, குளோரின் வெளிற்றும் திரவம் ஒரு பங்கிற்கு நீர் 9 பங்காகக் கலந்த கலவையிற் சில நிமிடம் அமிழ்த்தி எடுக்கலாம். இக்கலவை உருக்கை அரிக்குமாதலின், உடனே நல்ல நீரிற் கழுவித் துடைத்தல் அவசியம்.

பேணல்

வேலை முடிந்ததும் அலகையும் பிடியின் உட்பள்ளத்தையும் மண்ணின்றித் துடைத்து, அச்சாணியில் ஒரு துளி எண்ணெய் இடுக. தீட்டும்போது முதலில் இருந்த சரிவு மாறாதவாறு அலகைக் கல்லிற் பிடித்தல் வேண்டும். ஒட்டுக்கத்தியின் தட்டைப் பக்கத்தைச் சரிவாகத் தீட்டலாகாது. மழுங்கிய கத்திக்கு மிகுந்த வலு கொடுக்கவேண்டியிருப்பதால் அது எளிதிற் சறுக்கிக் கையை வெட்டும். வெட்டுக்காயம் நேரின் சவர்க்காரமும் நீருங் கொண்டு கழுவுக. மண் பட்ட காயத்தால் ஏற்புவலி உண்டாகக்கூடுமாகையால், தடுப்பூசி பற்றி அறியத் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் கத்தியை மடித்து வைப்பது வீட்டாரின் கடமையாகும்.