பின்வரிசை ஏன் சிரிக்கவில்லை

மைக் செட் சரியில்லை என்று ஊர் முணுமுணுக்கும்போது பெரும்பாலும் தப்பு மைக்கிலும் இருக்காது, செட்டிலும் இருக்காது. பாக்ஸை எங்கே வைத்தார்கள், யார் சொல்லி வைத்தார்கள் என்பதில்தான் வில்லங்கம். இதை எழுதுபவர் நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடைகளுக்கும் பங்குனித் திருவிழாக்களுக்கும் செட்டு கட்டுகிறவர். ஒரு பட்டிமன்ற இரவுக்குப் பேசிய தொகையில் பாதியை விழா கமிட்டி பிடித்துக்கொண்டதை இன்னும் மறக்காதவர். அதனால் கீழே வரும் யோசனைகளில் கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கலாம்.

வழக்கமான வேலைகளை விரிக்க வேண்டியதில்லை. மிக்சரை முதலில் போட வேண்டும், ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர்தான் முதலில். மெயின் பாக்ஸ்கள் மைக்குகளுக்கு முன்னால் நிற்கட்டும். பேச்சு மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். இதெல்லாம் உங்களுக்கே அத்துப்படி. 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது என்பதற்காக எர்த் பின்னைப் பிடுங்கிப் போடுகிறவர்கள் மட்டும் தயவுசெய்து வேறு தொழில் பார்க்கலாம். பாடகர் மைக்கையும் கிதார் கம்பியையும் ஒரே நேரத்தில் தொடும்போது அந்தப் பின் இருந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மைக் கூவுகிற விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று போகலாம். கூவல் கேட்டதும் ஈக்குவலைசரில் ஏழெட்டு பட்டன்களை அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டு, பிறகு குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருகிறதே என்று விழிப்பவர்கள் அதிகம். முதலில் பார்க்க வேண்டியது மானிட்டர் இருக்கும் இடம். 1966இல் வந்து இன்றும் மேடைதோறும் நிற்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக், நேர் பின்னால் வரும் சத்தத்தைத்தான் மிகக் குறைவாக எடுக்கும். அதற்கு மானிட்டரை மைக்கின் வாலுக்கு நேரே வைக்க வேண்டும். சூப்பர் கார்டியாய்டு மைக்குக்கு அந்தக் காது கேளாத இடம் ஏறத்தாழ 126 டிகிரியில் இருக்கிறது. அங்கே மானிட்டர் பக்கவாட்டில் தள்ளி நிற்பதுதான் சரி. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்த பிறகு சிறப்பு விருந்தினர் ஒருவர் வருவார். மைக்கின் தலையைக் கைக்குள் பொத்திப் பிடித்துப் பேசுவார். பின்பக்கத் துளைகள் மூடிக்கொண்டால் அந்த மைக் எல்லாத் திசையிலிருந்தும் சத்தத்தை வாங்கிக் கூவத்தான் செய்யும். ஆனால் கூட்டம் திரும்பி முறைப்பது மிக்சர் மேசையை!

இனி அந்த இரவு.

மைதானம் நீளமானது. மேடையின் இரு பக்கமும் மெயின் பாக்ஸ்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் இறங்கும் என்பதால் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றிக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்திருந்தார் இவர். முன்வரிசைக்குக் காது வலிக்காமல் நடுவரிசைக்கும் கேட்க வேண்டுமென்றால் உயரம்தான் மலிவான வழி. நிகழ்ச்சி தொடங்க அரை மணி இருக்கும்போது கமிட்டிக்காரர் வந்தார்.

"தம்பி, கடைசியில கேக்கலேன்னு ஜனங்க சொல்லுதாங்க. நம்ம மாப்பிள்ளை வண்டியில ரெண்டு பெரிய பாக்ஸ் கெடக்கு. அதையும் மாட்டிவிடுங்க."

"அண்ணாச்சி, டிலே வைக்காம மாட்டுனா எக்கோ அடிக்கும்."

"வால்யூமக் கொறைச்சா சரியாயிரும்!"

ஆகவில்லை. மேடையிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி, டீக்கடை ஓரமாக, அந்த இரண்டு பாக்ஸும் நின்றன. ஒயரில் சிக்னல் போய்ச் சேர நேரமே ஆகாது. காற்றில் வரும் ஒலியோ 30 டிகிரி வெப்பத்தில் நொடிக்கு 349 மீட்டர்தான் நகரும். ஐம்பது மீட்டரைக் கடக்க அதற்கு 143 மில்லி செகண்ட் வேண்டும். கடைசி வரிசையில் இருந்தவருக்கு முதலில் பக்கத்து பாக்ஸ் பேசியது. கிட்டத்தட்ட ஓர் அசை சொல்லும் நேரம் கழித்து அதே சொல்லை மேடை பேசியது. வால்யூமைக் குறைத்தபோது இரண்டு சத்தமும் சமபலத்துக்கு வந்து இன்னும் குழப்பின. முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்த இடத்தில் பின்வரிசை "என்ன சொன்னாரு?" என்று ஒருவரையொருவர் கேட்டது.

அதைவிட மோசம், பேச்சாளர்களுக்கும் தடுமாற்றம். பின்பக்க பாக்ஸிலிருந்து கசிந்து வந்த சத்தம் மேடைக்குத் திரும்பியது. தன் குரலே சுமார் 200 மில்லி செகண்ட் தாமதமாகக் காதில் விழுந்தால் நன்றாகப் பேசுகிறவருக்கும் நாக்குத் திக்கும் என்பது 1950களிலேயே சோதித்துப் பார்த்த விஷயம். 143 அதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. நடுவர் நகைச்சுவையாகச் சமாளித்தார்: "மூணாவதா ஒரு அணி பின்னாலிருந்து பேசுது." ஊர் சிரித்தது, கமிட்டி சிரிக்கவில்லை. டிலே ப்ராசசருக்குத் தனி வாடகை கேட்டபோது "அது எதுக்குத் தம்பி, சவுண்டு வந்தா போதாதா" என்று அடித்துவிட்டவரும் அதே அண்ணாச்சிதான் என்பதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

இது ஏதோ புது நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் இதைத்தான் ஆராய்ந்தார். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வரும்போது எது முதலில் வருகிறதோ அந்தத் திசையிலிருந்துதான் வருவதாகக் காது நம்பும். இரண்டாவது ஒலி 5 முதல் 30 மில்லி செகண்டுக்குள் வந்தால், அது 10 டெசிபல் வரை கூடுதலாக இருந்தால்கூடத் தனி எதிரொலியாகத் தெரியாது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் 1950களின் தொடக்கத்திலேயே காந்தப் பதிவு முறையில் தாமதம் கொடுத்துப் பின்வரிசை ஒலிபெருக்கிகளை ஓட்டினார்கள். 1973 ஜூலை 28 அன்று நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென்னில் ஆறு லட்சம் பேர் கூடிய ராக் கச்சேரியில், மேடையிலிருந்து 200 அடி தள்ளி நின்ற கோபுரங்களுக்கு ஈவென்டைட் டிஜிட்டல் கருவி மூலம் 175 மில்லி செகண்ட் தாமதம் கொடுத்தார்கள். அன்று அபூர்வமாக இருந்த அந்த வசதி இன்று சாதாரண டிஜிட்டல் மிக்சரின் அவுட்புட் பக்கத்தில் ஒரு மெனுவாக உட்கார்ந்திருக்கிறது.

செய்கிற முறை எளிது. மெயின் பாக்ஸிலிருந்து பின் பாக்ஸ் வரை டேப் பிடித்து அளந்து, மீட்டருக்கு 2.9 மில்லி செகண்ட் என்று பெருக்கிப் போடலாம். பிறகு போனில் மெட்ரோனோம் டிக்கை ஓட்டி இரண்டு பக்கமும் அனுப்பிவிட்டு, பின் பாக்ஸுக்கு முன்னால் நின்று கேட்க வேண்டும். டிக்-டிக் என்று இரண்டாகக் கேட்டால் ஒன்றாகும் வரை எண்ணை ஏற்றி இறக்க வேண்டும். ஒன்றானதும் மேலே 10 முதல் 15 மில்லி செகண்ட் சேர்த்தால் மேடைக் குரல் ஒரு நூலிழை முந்தி வரும். கேட்பவர் பக்கத்தில் பெட்டி இருப்பதையே மறந்து மேடையைப் பார்ப்பார். பின் பாக்ஸின் முகம் மேடைக்கு எதிர்ப்பக்கமாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் டிலே வைத்த பிறகு மேடைக்குத் திரும்பும் சத்தம் முன்னைவிடத் தாமதமாகப் போய்ப் பேச்சாளரைப் படுத்தும்.

டிலே வசதி இல்லாத மிக்சரா? அப்படியானால் பின் பாக்ஸே வேண்டாம். மெயினை இன்னும் ஏற்றிக் கட்டி, நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போடச் சொல்லலாம். அட்வான்ஸ் வாங்கும்போதே ரசீதில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது: வேறு செட்டின் பாக்ஸை மாட்டினால் சத்தத்துக்குப் பொறுப்பு கமிட்டியுடையது. இவர் இப்போது அதை அச்சடித்தே வைத்திருக்கிறார். உங்கள் ஊர்க் கமிட்டியிலும் மாப்பிள்ளை வண்டி வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி நிச்சயம் இருப்பார்.

மாலையில் வைத்த டிலேயை இரவு குளிர்ந்ததும் மாற்றியே ஆக வேண்டும் என்று லேப்டாப்போடு வந்து மிரட்டுகிறவர்கள் உண்டு. 35 டிகிரி 27க்கு இறங்கினால் ஐம்பது மீட்டரில் வரும் வித்தியாசம் 2 மில்லி செகண்ட்தான். அதற்காக யாரும் பதற வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு நடை போய், பலூன் கடைக்காரர் தன் வண்டிக்கு இடம் பண்ணப் பின் பாக்ஸைத் தள்ளி வைத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வரலாம். பெட்டி ஐந்து மீட்டர் பின்னால் போனால் 14 மில்லி செகண்ட் போச்சு. மேலே சேர்த்து வைத்ததெல்லாம் அங்கேயே காலி.