பனியன் கம்பெனிக்கு எந்த ஐபோன்?

ஐபோன் 17 ப்ரோவில் டைட்டானியத்தை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டிருக்கிறார்கள். விலை மட்டும் 1,34,900 ரூபாய். பனியன் கம்பெனி அயர்னிங் பிரிவில் வேலை பார்க்கும் நான் வாங்கலாமா?
— ஒரு வாசகர், அனுப்பர்பாளையம்

அலுமினியத்துக்காகத் தயங்காதீர்கள். 2023-இல் 15 ப்ரோவுக்கு வந்த டைட்டானியம் உறுதியானது. ஆனால் சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தாது. அலுமினியம் கடத்தும். ஸ்டீம் டேபிள் பக்கத்திலேயே நிற்கும் உங்களுக்கு அதுதான் நல்லது. கீறல் விழும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

விலைதான் யோசிக்க வேண்டியது. துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம் மட்டும் பார்த்தா விலை பேசுகிறோம்? போனிலும் உங்களுக்கு எது தேவை என்று பாருங்கள். தூரத்து ஜூம் கேமரா தேவையில்லை என்றால், 82,900 ரூபாய்க்கு அறிமுகமான சாதாரண 17 போதும். அதுவும் அலுமினியச் சட்டம், அதே 256 ஜிபி. 52,000 ரூபாய் மிச்சம்.

எதை வாங்கினாலும் சார்ஜ் துளையில் பஞ்சு அடையும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம்.