நாய்க்குட்டியும் உயிர்ச்சத்தும்

தாராவியில் எங்கள் சந்தின் முனையில் ஒரு டீக்கடை உண்டு. சென்ற மழைக்காலத்தில் அங்கே ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. சந்துக் குழந்தைகள் அதற்கு மணி என்று பெயரிட்டார்கள். தாங்கள் தின்னும் டீயில் நனைத்த பாவ் ரொட்டியையே அதற்கும் கொடுத்து வளர்த்தார்கள். சில மாதங்களில் அதன் முன்னங்கால்கள் வில்லைப் போல் வளைந்துவிட்டன. கடைக்கார அண்ணாச்சி என்னை அழைத்து, "தம்பி, நீ சயன்ஸ் படிக்கிற பிள்ளை. இதுக்கு என்ன கோளாறுன்னு சொல்லு" என்றார். உயிர் இரசாயனத்தில் எம்.எஸ்ஸி. பயிலும் நான் விடை தெரியாமல் விழித்தேன். அன்று தொடங்கிப் படித்தறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

மாவும் கொழுப்பும் உடலுக்கு விறகு, புரதம் செங்கல். வைட்டமின் என்னும் உயிர்ச்சத்துக்களோ மிகச் சிறிய அளவே தேவைப்படுபவை. ஆயினும் அவை இன்றி உடலின் வேலை நடவாது. 1912-இல் இவற்றிற்குப் பெயரிட்டவர் காசிமிர் ஃபங்க் என்னும் அறிஞர்.

எல்லா உயிர்க்கும் தேவை ஒன்றல்ல. நாய் தன் ஈரலிலேயே 'சி' உயிர்ச்சத்தை ஆக்கிக்கொள்ளும். நாமோ நெல்லிக்காயையும் எலுமிச்சையையும் நாடவேண்டும். வெயில் பட்டால் நம் தோலில் 'டி' உயிர்ச்சத்து உண்டாகும்; நாயின் தோலில் அது போதிய அளவு உண்டாவதில்லை. உணவின் வழியேதான் அது பெறவேண்டும்.

இந்த 'டி' சத்தை மனிதனுக்குக் காட்டிக் கொடுத்ததே நாய்க்குட்டிதான். அக்காலத்தில் இங்கிலாந்தின் நகரக் குழந்தைகள் பலர் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயால் கால் வளைந்து துன்புற்றனர். எட்வர்ட் மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள் அடைத்து, ஓட்ஸ் கஞ்சி போன்ற உணவை மட்டுமே தந்தார். அவற்றிற்கும் அதே நோய் வந்தது. காட் மீனின் ஈரல் எண்ணெய் தந்தபோது நோய் அணுகவில்லை. இம்முடிவை 1919-இல் அவர் வெளியிட்டார்.

மற்றொன்று பெல்லாக்ரா. மக்காச்சோளத்தையே நம்பியிருந்த அமெரிக்க ஏழைகளை இந்நோய் வாட்டியது. தோல் கறுத்து வெடிக்கும், வயிறு போகும், அறிவு கலங்கும். நாய்க்கு வரும் 'கருநாக்கு' நோயும் இதன் உடன்பிறப்பே. 1937-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எல்வேஜெம் குழுவினர் நிக்கோட்டினிக் அமிலத்தால் கருநாக்கைக் குணப்படுத்தினர். அதே மருந்து மனிதரையும் காத்தது.

நம் நாட்டிலும் இக்கதை தொடர்ந்தது. குன்னூரில் தோன்றி, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தில், சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் தக்காணத்து ஏழைகளின் பெல்லாக்ராவை ஆராய்ந்தார். அவர்கள் உண்டது மக்காச்சோளம் அன்று. நம் ஊர்ச் சோளம். மராட்டியர் பாக்ரி சுடும் அதே சோளம்! 1965-இல் பெலவாடியும் அவரும் சோள உணவு தந்த நாய்களுக்குக் கருநாக்கு வந்ததைக் காட்டினர். சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் பொருளே காரணம் என்பது கோபாலன் கருத்து. பின்வந்தோர் சிலர் இதை மறுத்தனர். ஆயினும் ஒரே தானியத்தை நம்பிய தட்டு நோயின் வாசல் என்பதில் ஐயமில்லை.

இனி மணிக்கு வருவோம். அரைகுறையாகப் படித்த வேகத்தில் மீன் எண்ணெய்ப் புட்டி ஒன்றை வாங்கி ஓடினேன். கால்நடை மருத்துவர் என்னைத் தடுத்தார். "ஏ, டி இரண்டும் உடம்பிலேயே தங்கிவிடும். அளவு மீறினால் நஞ்சு. சுண்ணாம்புச் சத்து இல்லாமல் 'டி' மட்டும் எலும்பைக் கட்டிவிடுமா?" என்றார். அளவாக மருந்து எழுதினார். வேகவைத்த முட்டையும் இறைச்சியும் சோற்றோடு சேர்க்கச் சொன்னார். இன்று மணி ஓடுகிறான். கால் மட்டும் முழுதும் நிமிரவில்லை.

நண்பர்களே! நாய் வளர்ப்போர் மீந்த சோற்றை மட்டும் வைத்து நிறுத்திவிடாதீர்கள். அறியாமல் மருந்தும் வாங்கி ஊற்றாதீர்கள். இன்னொன்றும் சொல்வேன். மணி தின்றது அவனுக்கென்று செய்த உணவு அன்று. எங்கள் சந்துக் குழந்தைகளின் காலை உணவு. வெயில் நுழையாத அந்தச் சந்தில் அவர்கள் இன்றும் அதையே உண்கிறார்கள். அண்ணாச்சி இப்போது கடையில் அவித்த முட்டையும் வைக்கிறார். மணியின் கால் சொன்ன பாடத்தை அவர் கற்றுக்கொண்டார். பட்டம் பெறப்போகும் நாம் கற்க வேண்டாமா?