கட்டற்ற மென்பொருளில் கூடுதல் பொதி மேலாண்மை: டெசராக்ட் எழுத்துணரியும் திருவண்ணாமலைக் கல்வெட்டுப் பாடங்களும்

முன்னுரை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிற் கல்வெட்டுகளின் பாடங்கள் பல, 1937-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் அச்சேறியுள்ளன. அத்தகைய அச்சுப் பக்கங்களைத் தேடத்தக்க மின்னுரையாக்குதற்கு எழுத்துணரி மென்பொருள் வேண்டும். கட்டற்ற எழுத்துணரியான டெசராக்ட் தமிழைக் கூடுதல் பொதியாகவே வழங்குகிறது. அப்பொதியின் மேலாண்மை ஆய்வாளரை எவ்வாறு பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொறியும் தரவும்

எச்.பி. நிறுவனத்தில் உருவான டெசராக்ட் 2005-இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. இதில் எழுத்தை உணரும் பொறி வேறு; மொழித் தரவு வேறு. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளுள் தேவையானவற்றை மட்டும் நிறுவ இப்பிரிப்பு உதவுகிறது. ஆயினும், டெபியன் இயங்குதளத்தில் முதன்மைப் பொதி ஆங்கிலத் தரவைக் கட்டாயச் சார்பாகக் கொண்டுள்ளது; தமிழ்த் தரவைப் பயனரே தனியே நிறுவுதல் வேண்டும். இதனை அறியாதார், மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது என முடிவு செய்தல் இயல்பு.

தரவு வகைகள்

2018-இல் வந்த நான்காம் பதிப்பு நரம்பியல் வலைப்பின்னல் முறையை மேற்கொண்டது. அதற்குரிய தரவுகளுள் ஒன்று விரைவு நோக்கியது. மற்றொன்று துல்லியம் நோக்கியது. இவ்விரண்டும் பழைய பொறியில் இயங்கா. மேற்கொண்டு பயிற்றுதற்கு அடிப்படையாவது துல்லியத் தரவு மட்டுமே. டெபியன் பொதியில் வருவதோ விரைவுத் தரவு. இக்கால அச்சுத் தமிழை வாசிக்க அது போதும். ஆனால், கல்வெட்டுப் பாடங்களில் கிரந்தப் பகுதிகளும் மா, காணி முதலிய அளவைக் குறியீடுகளும் விரவி வருகின்றன. கிரந்தம் 2014-இல் யூனிகோடில் இடம்பெற்றமையால் கிரந்தப் பகுதிகளை மின்னுரையில் குறிக்க இயலும். எழுத்துணரி அவற்றை அறியத் தனிப் பயிற்சி தேவை. எனவே, நிறுவிய பொதியையே பயிற்ற முனைவோரின் உழைப்பு வீணாகும்.

மேலாண்மை நெறிகள்

பயிற்றிய தரவைப் பொதுத் தமிழ்த் தரவின் பெயரில் மேலெழுதலாகாது. இயங்குதளப் பொதி புதுப்பிக்கப்படும்போது அது அழிந்துபோகும். தனிப்பெயரிட்டுத் தனிக் கோப்புறையில் வைத்து, அங்கேயே பொதுத் தமிழ்த் தரவின் படியொன்றையும் வைத்தால், இரண்டையும் இணைத்து அழைக்கலாம். பொறியின் பதிப்பு, அடிப்படைத் தரவு, பயிற்சிக்குக் கொண்ட பக்கங்கள் ஆகியவற்றைப் பொதியுடன் பதிவு செய்தல் வேண்டும். இப்பதிவு இன்றேல், ஒருவர் பெற்ற பாடத்தை மற்றொருவர் மீளப் பெற்றுச் சரிபார்த்தல் இயலாது.

முடிவுரை

தமிழ் கூடுதல் பொதியாக அமைவது குறையன்று. தமிழ்ப் பயனருக்கு அப்பொதி உண்டென்பதையும் அதன் வகையையும் நிறுவும்போதே அறிவியாமையே குறை. தரவின் வரலாறு பதிவாகும்போதே மின்னுரையாகும் கல்வெட்டுப் பாடம் சான்றாகக் கொள்ளத்தக்கதாகும்.